நீ ஓட்டிக்கொண்டே அனுப்பிய '2'

அரவிந்த்,

என் கையெழுத்தை நீ கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதித் தந்த விடுப்புக் கடிதத்தில்தான் இருக்கும். காய்ச்சல், வயிற்றுவலி என்று எத்தனை எழுதித் தந்திருக்கிறேன்! அதில் பாதி பொய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது மறுபடி தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. முதல் தாளில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் உன் அப்பாவை. மூன்றாவதில் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அழுதுவிட்டேன். இது நான்காவது. இதிலும் கோர்வையாக எதுவும் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். என் தலை கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி கிடக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் போனில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். அந்தப் போனைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக அது என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் சோறு வடிக்கும்போது அது அடிக்கிற மாதிரி இருக்கும். கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்ப்பேன். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகுதான் உறையில் போடுவேன். ஒளித்துவைத்துப் படிக்கிற கடிதமில்லை இது. நீ படித்து முடித்ததும் திவ்யாவிடம் கொடு. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் இதைத் தெரிந்துகொண்டுதான் மணவறையில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன், பார். முன்பெல்லாம் நான் எதையும் நினைக்கிறேன் என்று சொன்னதே இல்லை, இப்படித்தான் என்று சொல்லிவிடுவேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் இருந்தேன். முகூர்த்தப் புடவை. திவ்யா, "அத்தை, அரவிந்த் செலக்ட் பண்ணட்டும், அவருக்குப் பிடிச்சது போதும்" என்று சொல்லிவிட்டாள். நீ பொங்கோலில் புது வீட்டுக்குத் தரை போடுகிறவரைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தாய். நான் அரக்குப் புடவை ஒன்றையும் மாம்பழ மஞ்சள் ஒன்றையும் படம் எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு உனக்கு அனுப்பினேன். ஐந்து நாற்பத்தேழுக்கு உன்னிடமிருந்து '2' என்று வந்தது. நான் கடைக்காரரிடம் மஞ்சளைக் கட்டச் சொன்னேன். அவர் கட்டி முடிப்பதற்குள் நீ கூப்பிட்டாய்.

"அம்மா, ஒருத்தர் குறுக்க வந்துட்டார்மா. அவரே வந்து விழுந்துட்டார்."

புடவைப் பையை வாங்கிக்கொண்டேனா, அவராகக் கையில் கொடுத்தாரா என்றுகூட நினைவில்லை. செங்காங்கில் ஒரு சந்திப்பில் நீ வலது பக்கம் திரும்பியிருக்கிறாய். சாலையைக் கடந்துகொண்டிருந்த சீனப் பெரியவர்மேல் கார் மோதியிருக்கிறது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, உனக்காக அழுதேனா என்று கேட்காதே. உனக்காகத்தான்.

போலீசில் நீ சொன்னதை எங்களிடமும் சொன்னாய். நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது, எண் குறைந்து கடைசி இரண்டு விநாடி ஆகும்போது அவர் ஓடிவந்தார், நீ என்ன செய்ய முடியும்? போன் தாங்கியில் இருந்தது, நீ தொடவே இல்லை. காரில் இருந்த கேமரா பழுதாகி மாதக்கணக்காகிறது. அப்பா, "கெழவங்களுக்கு என்ன அவசரமோ, ரெண்டு நிமிஷம் நின்னு போனா என்னவாம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அப்போது என் போன் என் மடியில்தான் இருந்தது. அதில் ஐந்து நாற்பத்தேழு என்று இருந்ததை நான் ஏற்கெனவே நாலு தடவை பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை, அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நீ வந்தாய். இட்லி வைத்தேன், தொடவில்லை. "அம்மா, அந்த மெசேஜை எல்லாம் டிலீட் பண்ணிடுங்க. நான் என் போன்ல அழிச்சிட்டேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். தெரியாதவள் மாதிரித்தான் கேட்டேன். நீ தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாய். "நான் லைட்டைப் பார்க்கவே இல்லம்மா. கீழ பார்த்துட்டு தலையைத் தூக்கும்போது அவர் கார் பானட் மேல இருந்தார். அவர் எப்ப எறங்குனார், ஓடி வந்தாரா நடந்து வந்தாரா, எதுவும் தெரியாது." பிறகு எழுந்து கைகூட கழுவாமல் போய்விட்டாய். கழுவ வேண்டிய அவசியமும் இல்லை, நீ சாப்பிடவே இல்லையே.

நான் அழித்துவிட்டேன் என்று உனக்கு அன்றைக்கு மத்தியானமே சொல்லிவிட்டேன். அது பொய். அழிக்கத்தான் போனேன். விரலை வைத்து அழுத்தினேன், அழிக்கவா என்று அது கேட்டது. ஒரு சின்னக் கேள்விதான். அதற்கு ஆமாம் என்று சொல்ல என் விரல் போகவில்லை. நீதி நேர்மை என்றெல்லாம் நினைத்து நின்றேன் என்று எண்ணாதே. நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஏன் அழிக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போய்விட்டது. "அழிச்சுத் தொலை. அவன் ஜெயிலுக்குப் போனா உனக்குச் சந்தோஷமா? கல்யாணம் நடக்குமா? வண்டி ஓட்டாம அவனுக்கு அந்த வேலை இருக்குமா? அந்த ஆளு கால் எப்படியும் கூடிரும்லா, உன் புள்ளை வாழ்க்கை கூடுமா?" என்றார். அதற்குப் பிறகுதான் போனை அணைத்துப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? டியூஷன் முடிந்து ரயிலில் வந்தவன் அசந்து தூங்கிப்போய்க் கடைசி நிலையம்வரை போய்விட்டாய். நான் குவீன்ஸ்டவுன் நிலையத்தில் ஒன்றரை மணிநேரம் நின்றேன். வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் பள்ளிச் சீருடையைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. கடைசியில் நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தாய். அங்கேயே, எல்லாரும் பார்க்க, உன்னை முதுகில் ஓர் அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டேன். மறுநாளே உனக்குப் போன் வாங்கித் தந்தேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன். நான் என்ன அனுப்பினாலும், நீ என்ன செய்துகொண்டிருந்தாலும், உடனே பதில் போட வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டால் உடனே. எங்கே இருக்கிறாய் என்றால் உடனே. ஒருமுறை ஐந்து நிமிடம் தாமதமானதும் பள்ளி அலுவலகத்துக்கே கூப்பிட்டுவிட்டேன். நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அலுவலகப் பெண்மணி வந்து உன்னை எழுப்பிக் கூட்டிப்போனதும், வகுப்பே சிரித்ததும் நீ பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் நீ ஒருநாளும் தாமதித்ததில்லை.

நான் அதை எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் தெரியுமா? சித்திகளிடம், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், யாரிடமெல்லாமோ. "என் புள்ளைக்கு மெசேஜ் போட்டா ஒரு நிமிஷம் ஆகாது." தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தபோது முகாமில் போனைத் தொட்டதற்காக உன்னைத் தண்டால் எடுக்க வைத்தார்கள். என் செய்திக்குப் பதில் போடத்தான் தொட்டாய். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய், நான் உருகிப்போய்விட்டேன். தண்டால் எடுத்தாவது அம்மாவுக்குப் பதில் போடுகிற பிள்ளை! மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் பதிலே போடுவதில்லை என்று அழுவார்கள். நான் மூக்கை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பிள்ளையை எதற்குப் பழக்குகிறோம் என்று பழக்கும்போது யாருக்குத் தெரிகிறது?

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ மட்டும் போன் பைத்தியம் என்று இந்தக் கடிதம் சொல்லக் கூடாது. போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கோயிலில் தீபாராதனை. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், நானும் பிடித்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் அர்ச்சனைப் பை. குருக்கள் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நான் என்ன செய்தேன்? போனையே சுடருக்கு மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குருக்களே சிரித்துவிட்டார். "போனுக்கு நல்ல அருள் கெடைக்கும்மா" என்று நீ வீடுவரைக்கும் என்னைக் கேலி செய்தாய். அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சாமி முகத்தைப் பார்த்தேனா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன், பார்த்ததாக நினைவில்லை. வீடியோவில் இருந்தது. அதையும் நான் திரும்பப் போட்டுப் பார்க்கவே இல்லை.

இன்னொரு நாளும் இருக்கிறது. போன வருடம் திவ்யா வீட்டுக்கு, நீயும் நானும் மட்டும், விரைவுச்சாலையில் போனோம். உன் மடியில் போன் மின்னியது. நீ குனிந்தாய். கார் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டது, லாரிக்காரர் ஹார்னை அடித்துத் தீர்த்தார். அப்போது ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும்? போனைப் பையில் போடுடா என்று சொல்ல வேண்டும், இல்லையா? நான் சொன்னது, "இங்க குடு, நான் படிக்கிறேன்." திவ்யாதான் அனுப்பியிருந்தாள். நான் படித்தேன், நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன், நடுவில் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன், ரெண்டு பேரும் சிரித்தோம். போய்ச் சேரும்வரைக்கும் அதேதான். பத்திரமாக ஏதோ செய்துவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு. லாரிக்காரரை இரண்டு வார்த்தை வைதேன். நாம் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போது உன்மேல் கோபம் வரவில்லை, என்மேலும் வரவில்லை. யாரோ இரண்டு பேரைத் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது.

போன வியாழக்கிழமை நான் அடிபட்ட அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. கார் அப்பா பெயரில் இருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனியின் காப்புறுதிக் கடிதம் நம் வீட்டுக்குத்தான் வந்தது, அதில் அவர் பெயரும் முகவரியும் இருந்தன. டான் என்று பெயர். "போகாத, நீயே போய் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று அப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவர் குளிக்கப் போனதும் கிளம்பிவிட்டேன். எதற்குப் போனேன் என்று சத்தியமாகத் தெரியாது. ஆரஞ்சுப்பழம் வாங்கினேன், பிறகு பழம் கொண்டுபோவது சரியா என்று குழம்பி மார்க்கெட்டிலேயே கால்மணிநேரம் நின்றேன். செங்காங்கில் இறங்கி அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் அவர் இருக்கிற அடுக்குமாடி புளோக்குக்குப் போக வேண்டியிருந்தது. பச்சை மனிதன் வந்தும் நான் கடக்கவில்லை. இரண்டு தடவை விட்டுவிட்டு மூன்றாவது தடவைதான் காலை எடுத்துவைத்தேன்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஒல்லி. காலில் கட்டுப் போட்டு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். பக்கத்துக் காப்பிக் கடையில் பானக் கடைக்காரரிடம் வேலை பார்த்தவர். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, எனக்குச் சீனம் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில்தான் பேசினோம். அவர் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன். நான் யார் என்று சொன்னதும் அவர் கோபப்படுவார், வெளியே போ என்பார் என்று தயாராக இருந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா அரவிந்த்? இரண்டு கையையும் சேர்த்து, "மாஃப்" என்றார். மன்னிப்புக் கேட்டார். என்னிடம்!

"உங்க பையன் ரொம்ப பயந்திருப்பான். சின்ன வயசு. நான்தான் சரியாப் பார்க்காம எறங்கியிருப்பேன். எனக்கு பச்சை மனுஷன் நின்னு எரிஞ்சதாத்தான் ஞாபகம். நம்பரே அப்ப வரலைன்னு ஞாபகம். ஆனா கடைசி ரெண்டு செகண்ட்னு சொல்றாங்க. உங்க பையனுக்குக் கண்ணு நல்லா தெரியும்ல, அவன் சொல்றதுதான் சரியா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஆரஞ்சுப்பழப் பையை மடியில் வைத்து அதன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல பெண். திட்டவில்லை. "ஆன்ட்டி, அப்பாவுக்கு ஞாபகம் போகுதுன்னு நினைக்கிறேன். க்ரீன் மேன், க்ரீன் மேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கார். அடுத்த வாரம் மெமரி டெஸ்ட்டுக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டேன். கடையிலயும் இனிமே வர மாட்டார்னு சொல்லிட்டேன். கால் சரியானாலும் தனியா வெளிய விட முடியாதுல்லா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவருக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ. அவர் திடீரென்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்கு வருகிற பஸ் டிரைவருக்குச் சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி. வாட்ச்மேனுக்குத் தண்ணியாக டீ, பால் தனியாக. நான்காம் மாடிப் பாட்டிக்குக் கொதிக்கக் கொதிக்க, குவளையின் வாய்வரை. தமிழ் டீச்சருக்கு ஐஸ் போட்ட காப்பி, பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழல் இல்லாமல். பதினான்கு பேரைச் சொன்னார், ஒரு தடங்கல் இல்லை. சொல்லி முடித்துவிட்டு என்னிடம், "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தக் கடைக்கே போனதில்லை. ஆனால் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் கண்ணால் பார்த்ததைத் தானே நம்பாத ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. கால் கூடிவிடும் என்று அப்பா சொன்னாரே, கூடிவிடும்தான். மற்றதை யார் கூட்டுவது? தினமும் காலையில் எழுந்து, அந்தப் பதினான்கு பேரை ஒப்பித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும், நான்தான் குழம்பிவிட்டேன் என்று அவர் முடிவு கட்டிக்கொள்கிறார். நாம் கட்ட வைத்திருக்கிறோம். நாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, இந்தத் தாளைப் படிக்கும்போதுதான் அவருக்கும் தெரியும்.

படத்தை நான் ஐந்து நாற்பதுக்கு அனுப்பினேன். நீ பதில் போடவில்லை. ஒரு கேள்விக்குறி அனுப்பினேன். இன்னொன்று அனுப்பினேன். கூப்பிட்டேன், நீ துண்டித்தாய். துண்டித்துவிட்டு, "டிரைவிங்மா" என்று அனுப்பினாய். நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கடைக்காரர் மஞ்சள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, வேறொரு குடும்பத்தாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு புடவைதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உனக்கு எழுதினேன்: "ஒண்ணா ரெண்டா, ஒரு நம்பர்தானே, போடு." அதற்குத்தான் உன் '2' வந்தது.

நீ ஓட்டுகிறாய் என்று தெரிந்துதான் கேட்டேன். நீ ஒருநாளும் இதைச் சொல்லிக்காட்டவில்லை. நீங்கதானேம்மா கேட்டீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், சத்தம் போட்டிருப்பேன், ஏதோ ஒரு வழியில் தெளிந்திருப்பேன். நீ அழித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாய். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாய்? உன்னையா, என்னையா? இந்த இரண்டு வாரத்துக்கு மேலாக என்னைத் தின்கிற கேள்வி இதுதான். உன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாய் என்றால் என் பிள்ளை கோழை. என்னைக் காப்பாற்றச் சொன்னாய் என்றால் நான் எப்படிப்பட்ட அம்மா? ஒருவேளை இரண்டும்தானோ என்னவோ. ஒரு சமயம் நீ பாவம் என்று தோன்றுகிறது, மறுநிமிடமே அவர் கை கூப்பியது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அப்போது உன்னைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எழுதுகிற கை என் கைதானா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் முதல் தாளை எடுத்தேன். ஓட்டும்போது போனைப் பின் இருக்கையில் பைக்குள் போடு, யார் கூப்பிட்டாலும் எடுக்காதே, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று செய்தி வந்தாலும் வண்டியை நிறுத்திய பிறகு பார், அதற்குள் நான் எழுந்து எங்கும் போய்விட மாட்டேன். இவ்வளவும் சரியான புத்திமதிதான். ஆனால் சொல்கிற வாய் எது? நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதை இப்படிப் பழக்காதே என்று சொல்லலாமா? பழக்காவிட்டால் அது ரயிலில் தூங்கிப்போகும்போது நீ என்ன செய்வாய்? எனக்குத் தெரியவில்லை ஐயா. பதில் வராத அந்த ஒன்றரை மணிநேரத்தைத் தாங்கிக்கொள்வதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் உனக்குச் சொல்லித்தரவில்லை. பதில் வராவிட்டால் வராமல் போகட்டும் என்று இருக்கத் தெரிந்த ஒருத்தி அந்தப் புடவைக் கடையில் நின்றிருந்தால், அரக்கோ மஞ்சளோ எதையோ எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பாள்.

டான் வீட்டில் நடந்த கடைசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளம்ப எழுந்தேன். அவர் உட்கார்ந்தபடியே மறுபடி, "பையன்கிட்ட சொல்லுங்க, எனக்கு அவன்மேல வருத்தமில்லை" என்றார். செருப்பை மாட்டினேன். வெளியே வந்துவிட்டேன். பிறகு என்ன ஆயிற்றோ, கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். "உங்க கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. நீங்க குழம்பலை" என்றேன். என் மலாய் மோசம்தான், ஆனால் அது அவருக்குப் புரிந்தது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி, அந்தக் காலோடு முன்னால் சாய்ந்தார். அவர் மகள்தான் கேட்டாள், "ஆன்ட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் மின்தூக்கிக்கு ஓடினேன். அது வரவில்லை, ஒன்பது மாடியும் படியில் இறங்கினேன். என் முட்டிவலி உனக்குத் தெரியும். கீழே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் இனி அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பது மண்டையில் ஏறியது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அவர் அடுத்த வாரம் அந்தப் பரிசோதனைக்குப் போய், நான்கு பேர் முன்னால் தன் புத்தி சரியாக இருக்கிறது என்று காட்ட வேண்டிய நிலைமையில் உட்காருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

உன் வழக்கைப் பார்க்கிற போலீஸ் அதிகாரியிடம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. போனை எடுத்துப்போகிறேன். நான் அனுப்பியது, நீ அனுப்பியது, எல்லாம் இருக்கும். நீ சாப்பிடாமல் சொன்னதையும் சொல்வேன். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் தள்ளிப்போகலாம், திவ்யா வீட்டார் வேண்டாம் என்றே சொல்லலாம், அப்பா என்னோடு பேசாமல் இருக்கலாம். நான் செய்வது சரி என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது, அடுத்த நிமிடம் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிறாயே பாவி என்று உள்ளே ஒரு குரல் கத்துகிறது. குழப்பம் தீர்ந்த பிறகு போகலாம் என்றால் நான் சாகும்வரை போக மாட்டேன். அதனால் குழப்பத்தோடேயே போகிறேன்.

எனக்கு முன்னால் நீயே போய்ச் சொன்னால் அது வேறு. நீ சொல்வதற்கும் உன்னைப் பற்றி நான் சொல்வதற்கும் அங்கே எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாது, ஆனால் எனக்கு மலையளவு வித்தியாசம். நீ பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்டதால்தான் என் பிள்ளை தட்டினான் என்று என் பங்கையும் அங்கேயே சொல்கிறேன். அதிலிருந்து நான் நழுவ மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறேன். கதவைப் பூட்டுகிறவரைக்கும் உனக்காகப் பார்ப்பேன். அதற்குமேல் காத்திருக்க மாட்டேன், ஐயா.

அம்மா